முதுகக்காவின் முகம்

மேடையில் வீற்றிருக்கும் நம் இல்லத்தின் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், அவரைவிடக் கொஞ்சம் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் விளம்பர ஆலோசகர் அவர்களே! மூன்று காலில் நின்றுகொண்டு, நான் மேடையேறிய கணத்திலிருந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா அவர்களே! எதிரே கூடியிருக்கும் என் சொந்தங்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், அம்மாவைப் பறிகொடுத்த மகளே! படியேற வழியில்லாமல் இந்த மண்டபத்து வாசலுக்குக் கீழேயே நின்றுவிட்ட தையல்கார அண்ணனே, நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் இன்னும் சத்தமாகப் பேசுகிறேன். அனைவருக்கும் என் வணக்கம்.

ஆயுள் முழுக்கச் சக்கர நாற்காலிகளோடு அலைந்த ஒரு பெண்ணுக்கு இது இரங்கல் கூட்டம். அதைச் சக்கர நாற்காலி நுழைய முடியாத மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்! ஏன் என்று கேட்டேன். "இங்கதான் லைட்டிங் நல்லா இருக்கும்" என்று பதில் வந்தது. வாஸ்தவம்தான். வெளிச்சம் அமோகமாக இருக்கிறது. யார் யாருடைய லட்சணம் என்ன என்று கடைசி வரிசை வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். இந்த இல்லத்தின் இணைச் செயலாளர். செயலாளராக இருந்து, போன வாரம் நம்மைவிட்டுப் போன நம் அக்காவின் தோழி. "நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு உக்காந்துடுங்க" என்று தலைவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் பேசப்போகிறேன். மற்றவர்களைப் பற்றியும் அப்படிப் பேசுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

பழைய டயர் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து அக்கா இந்த இல்லத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அங்கே ரப்பர் வாசனை போகவில்லை. விழுந்து இடுப்பு ஒடிந்தவர், பக்கவாதம் வந்து படுத்தவர், விபத்தில் காலை இழந்தவர், யார் வந்து கேட்டாலும் சக்கர நாற்காலியோ, நடைச் சட்டமோ, தலைப்பக்கம் தூக்கிக்கொள்கிற கட்டிலோ இரவல் கொடுப்போம். தேவை முடிந்ததும் திருப்பித் தருவார்கள். துடைத்து, எண்ணெய் போட்டு, அடுத்த வீட்டுக்கு அனுப்புவோம். எங்கள் வேலை இவ்வளவுதான். ஆனால் இதற்கும் பணம் வேண்டும். ஊரிடம் கையேந்தத்தான் வேண்டும். எப்படிக் கையேந்துவது என்பதில்தான் என் அக்கா ராணி!

அவர்களை எல்லாரும் 'முதுகக்கா' என்று கூப்பிட்டோமே, ஏன் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேலியாக வைத்த பெயர் அது. உலகமே முகநூல் நடத்திக்கொண்டிருந்தபோது நம் அக்கா முதுகுநூல் நடத்தினார்கள்! நம் பக்கத்தைத் திறந்தால் முதுகு, முதுகு, முதுகு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதுகு. நடைச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கும் முதுகு. ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருக்கும் முதுகு. ஒரு முகம் கிடையாது! ஏன்?

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். தலைவர் நெளிகிறார், பரவாயில்லை. தொடக்கக் காலத்தில் நம் பக்கத்தைத் தலைவர்தான் பார்த்துக்கொண்டார். இதோ வாசலில் இருக்கிறாரே தையல்கார அண்ணன், அவருக்கு நாற்காலி கொடுத்த அன்று, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணனுடைய தோளை அணைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தலைவர் ஒரு படம் எடுத்துப் போட்டார். 'வாழ வழியற்ற ஏழைக்கு மறுவாழ்வு' என்று கீழே ஒரு வரி. அண்ணனுக்கு வழியா இல்லை? கால்தான் போயிருந்தது! கையும் கத்திரியும் இருந்தன. கடை இருந்தது. ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். "கடையை மூடிட்டீங்களாமே, பேப்பர்ல போட்ட மாதிரி போன்ல போட்டிருக்காங்களே" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் நம் இல்லத்துக் கதவு முன்னால் அந்த நாற்காலி நின்றது. அண்ணன் யாரையோ விட்டுத் தள்ளிக்கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "பாருங்க, நன்றி கெட்ட ஜனங்க." அக்கா தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார்கள். நானும் கூடப் போனேன். அண்ணன் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"என் மூஞ்சியத்தான் வித்துட்டீங்களே. இன்னும் என்ன வேணும்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணே" என்றார்கள் அக்கா.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு. முதுகு மிச்சமிருக்கு. வேணும்னா அதையும் எடுத்துட்டுப் போய் வித்துக்குங்க!"

கோபத்தில் சொன்னார். ஆனால் அக்கா அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் இரண்டு முனையும் தோளைத் தாண்டி முதுகில் கிடந்தன. சட்டையில் சாக்பீஸ் பொடி. நிமிர்ந்த முதுகு. அதில் என்ன பரிதாபம் இருந்தது? ஒன்றுமில்லை. ஒரு மனுஷன் வேலை செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். "அண்ணே, நெசமாவே எடுத்துக்கட்டுமா? எடுத்து உங்ககிட்டதான் முதல்ல காட்டுவேன். வேணாம்னா அழிச்சுடுவேன்" என்று அக்கா கேட்டார்கள். அண்ணன் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "என் முதுகு இவ்ளோ அகலமா?" என்றார். அதுதான் சம்மதம்.

அந்த முதுகுக்குக் கீழே அக்கா எழுதிய வரி: 'இவருக்குத் தைக்கத் தெரியும். உட்கார ஒரு நாற்காலி மட்டும் வேண்டியிருந்தது.' அவ்வளவே! அந்தப் படம் போகாத வீடில்லை. பணம் அனுப்பியவர்கள் ஒருபக்கம் இருக்கட்டும், அண்ணனிடம் துணி கொடுக்க ஆட்கள் கியூவில் நின்றார்கள். அன்றைக்குப் போட்ட சட்டம்தான் இது: முகம் காட்டமாட்டோம். எடுத்த படத்தை முதலில் அவர்களிடம்தான் காட்டுவோம். 'ஏழை' என்ற சொல் நம் பக்கத்தில் வராது.

பிறகு அக்காவுக்குக் குறும்பு முளைத்தது. 'முதுகு காட்டுவோம் வாருங்கள்!' என்று ஓர் அழைப்பு விட்டார்கள். போர்க்களத்தில் முதுகு காட்டினால் அவமானம் என்று வளர்ந்தவர்கள் நாம். நன்கொடை கொடுத்தவர்கள் எல்லாம் தங்கள் முதுகைப் படமெடுத்துப் போடவேண்டும் என்றார்கள். யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாண ஜோடி முதுகு, பஸ் கண்டக்டர் முதுகு, பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வரிசையாக நின்ற முதுகு! கொடுப்பவனுக்கும் முகமில்லை, வாங்குபவனுக்கும் முகமில்லை. இதைவிட அழகாக ஒரு நன்கொடையை யாராவது யோசித்ததுண்டா?

நன்றி அட்டை, ரோஜாப்பூ படம், கும்பிடும் கை, இதெல்லாம் அக்காவுக்கு ஆகாது. நாற்காலி போன வீட்டிலிருந்து குரலை மட்டும் பதிவு செய்து நன்கொடை கொடுத்தவர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு அம்மா பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வண்டி வந்ததுல இருந்து இவரு தானே ஜன்னல் பக்கம் போறாரு. தெருவுல எந்த வீட்டுக்கு யாரு வந்தாங்கன்னு எனக்கே நியூஸ் சொல்றாரு. என் நிம்மதி போச்சுங்க. ரொம்ப நன்றி." இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பணம் அனுப்பியவர்கள் ஏராளம். சிரித்துக்கொண்டே கொடுத்த பணம் அது.

இன்னொன்று. கம்பெனி அதிகாரிகளைக் கூப்பிட்டு, "ஒரு நாள் பூரா எங்க நாற்காலியில உக்காந்து உங்க ஆபீஸ்லயே வேலை பாருங்க" என்று பந்தயம் கட்டினார்கள். ஒரு பெரிய அதிகாரி தன் சொந்த ஆபீஸ் கழிப்பறை வாசலில் சக்கரம் சிக்கி, "யாராவது வாங்கப்பா, அவசரம்பா!" என்று அலறிய குரலை அவர் அனுமதியோடு நம் பக்கத்தில் போட்டோம். அந்தக் கதவை அவர் அகலப்படுத்திவிட்டார். இன்றுவரைக்கும் நமக்கு மாதாமாதம் அனுப்புகிறார். இங்கேயும் வந்திருக்கிறார், பின்வரிசையில். யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். ஐயா, பெயர் சொல்லமாட்டேன்.

அப்புறம் அந்த 'நடக்காத விழா'! மண்டபம் இல்லை, மைக் இல்லை, பொன்னாடை இல்லை, சாப்பாடு இல்லை. 'யாரும் வரவேண்டாம். வீட்டிலேயே காலை நீட்டிப் படுங்கள். வருவதற்கு ஆகும் ஆட்டோ கட்டணத்தை எங்களுக்கு அனுப்புங்கள்' என்று அழைப்பிதழ் அடித்தார்கள். ஊரே ரசித்தது. விழாவுக்கு வந்தது ஒரே ஒருவர்தான். புதுச் சட்டை, சென்ட், கையில் பேச்சுக் குறிப்பு. பூட்டிய டயர் கடை முன்னால் நின்று எனக்குப் போன் செய்தார். "என்னம்மா, ஒருத்தரையும் காணோம்? தலைமையுரை எத்தனை மணிக்கு?" தலைவர் அவர்களே, அன்றைக்கு நான் சிரிக்கவில்லை என்று சொன்னது பொய். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சரி. சிரித்தது போதும்.

மேடை பழகிய தலைவருக்கு ஊமைப் புகழ் போதவில்லை. இந்த ஆலோசகரைக் கொண்டுவந்தார். முதல் கூட்டத்திலேயே இவர் சொன்னார்: "அக்கா, முதுகைப் பாத்து எவனும் அழ மாட்டான். முகம் வேணும். கண்ணு வேணும். கண்ணுல தண்ணி இருந்தா ரீச் எங்கயோ போயிடும்."

"தண்ணி இல்லாத கண்ணா இருந்தா?" என்று கேட்டார்கள் அக்கா.

"பழசைக் கொஞ்சம் கிளறுனா தானா வரும்கா."

இதைச் சொல்லிவிட்டு இவர் டீயை உறிஞ்சினார். என் கண்ணால் பார்த்தேன். அக்கா அமைதியாகச் சொன்னார்கள், "தம்பி, நீ ரொம்பத் திறமைசாலி. வேற எங்கயாவது போய்ப் பொழைச்சுக்கப்பா." ஆனால் தலைவர் இவரை விடவில்லை. பிடித்து வைத்துக்கொண்டார்.

நான் நேர்மையாகப் பேசவேண்டும். முகம் போட்டால் கூடுதலாகப் பணம் வரும் என்பது பொய்யில்லை. நானே ஒருநாள் கேட்டிருக்கிறேன், "ஏன்க்கா, கட்டில் கேட்டு அத்தனை பேர் காத்திருக்காங்க, ஒரே ஒரு முகம் போட்டா என்ன?" என்று. அக்கா சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்கள்: "வரும்டி. இன்னிக்கு முகம் கேப்பாங்க. நாளைக்கு அழுகிற முகம் கேப்பாங்க. அப்புறம் நாமளே போய் அழ வெச்சு எடுக்கணும். கட்டில் வாங்க வந்தவங்களை அழ வெக்கவா நான் கடை தொறந்தேன்?" நான் அடுத்த நாற்காலியை அவர்கள் பக்கம் தள்ளினேன். இந்த மேடையில் யாருக்காவது பதில் தெரிந்தால் இப்போது சொல்லலாம். ஏன், எல்லார் வாயிலும் கொழுக்கட்டையா?

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லத்தான் நான் மேடையேறினேன். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூக்கில் குழாய். ஒருக்களித்துச் சுவரைப் பார்த்துத்தான் படுப்பார்கள், எப்போதும் அப்படித்தான். மகள் மருந்து வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் ஆலோசகர் பழப்பையோடு பார்க்க வந்திருக்கிறார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்கள். பழத்தை வைத்துவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை.

அக்கா கண்ணை மூடிய மறுநாள் நம் பக்கத்தில் ஒரு வீடியோ வந்தது. அவர்கள் முகம்! குழாயோடு, பிளந்த வாயோடு, மூச்சுக்குத் திணறுகிற முகம். பின்னணியில் அழுகிற வயலின். 'அம்மாவின் கடைசி ஆசையை நிறைவேற்றுவீர்களா?' என்று கேள்வி. அந்த வீடியோவை நன்றாகப் பாருங்கள். அக்கா தலைக்குப் பின்னால் வார்டின் கதவு தெரிகிறது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் பின்னால் கதவு தெரியவேண்டுமானால், எடுத்தவன் எங்கே நின்றிருக்கவேண்டும்? கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில்! ஆலோசகத் தம்பி, அந்தச் சந்தில் உடம்பை நுழைத்து நின்று எடுத்திருக்கிறாய். அவள் உனக்குக் காட்டியது முதுகை. நீ சுற்றிக்கொண்டுபோய் முகத்தைத் திருடியிருக்கிறாய். மனசாட்சி இருக்கிறதா உனக்கு?

கடைசி ஆசையாம்! கடைசியாக அவர்கள் பேசியது என்னோடு. "அந்த நீலக் கட்டிலுக்கு பிரேக் மாத்தியாச்சாடி?" என்று கேட்டார்கள். "மாத்தியாச்சுக்கா" என்றேன். "நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த ஆசைக்கு வயலின் எதற்கு? ஒரு ஸ்பேனர் போதும்.

மேடையில் வைத்திருக்கிறார்களே இந்தப் பெரிய படம், இதுவும் அந்த வீடியோவிலிருந்து வெட்டியதுதான். அக்காவின் முகப்படத்தை மகள் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் மூக்குக் குழாயைக் கம்ப்யூட்டரில் அழித்து, கொஞ்சம் சிரிப்பையும் ஒட்டவைத்து, கீழே பணம் போட ஒரு ஸ்கேன் கட்டத்தையும் பதித்து நிறுத்திவிட்டார்கள். செத்தவளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! முதுகில் குத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் அக்காவுக்கு முதுகில் குத்தியது போதாமல் முகத்திலும் குத்திவிட்டீர்களே!

மகள் கெஞ்சினாள். நான் சாட்சி. "எங்கம்மா முகத்தை எடுத்துடுங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்று டயர் கடை வாசலில் நின்று கேட்டாள். தலைவர் என்ன சொன்னார்? "மாசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்மா. நல்லா வந்துட்டிருக்கு." பெற்றவளைப் பற்றி, பெண்ணிடம், "நல்லா வந்துட்டிருக்கு"!  நன்றாக இருப்பீர்களா நீங்கள்?

என்ன தம்பி கையை ஆட்டுகிறாய்? நேரலை போய்க்கொண்டிருக்கிறதா? போகட்டும். ஊர் கேட்கட்டும். அதற்குத்தானே மூன்று காலில் நிறுத்தி வைத்திருக்கிறாய்?

தலைவர் அவர்களே, சபை முன்னால் கேட்கிறேன். அந்த வீடியோவை இப்போது, இங்கேயே எடுப்பீர்களா? ...தலையைக் குனிந்துகொண்டால் எப்படி? ...சரி. கூட்டம் முடிந்து பேசிக்கொள்ளலாம் என்கிறீர்களா? அந்த வேலையே வேண்டாம்.

அன்பானவர்களே, அக்கா நமக்குக் கற்றுக்கொடுத்த கருவி நம் கையிலேயே இருக்கிறது. போனை எடுங்கள். நம் பக்கத்துக்குப் போங்கள். அந்த வீடியோவுக்கு மேலே ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும். அதை அமுக்குங்கள். 'புகார்' என்று வரும். அதையும் அமுக்குங்கள். வயலின் சத்தம் கேட்கிறதே, யாருடையது? வால்யூமைக் குறையுங்கள் ஐயா. அப்படித்தான். எல்லாரும் அமுக்கியாயிற்றா? ஒருவர் அமுக்கினால் முகநூல்காரர்கள் அசையமாட்டார்கள். இத்தனை பேர் அமுக்கினால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அது போகும்வரை நாளைக்கும் அமுக்குவோம், மறுநாளும் அமுக்குவோம்.

அக்காவின் பெயரால் இங்கே நின்று உறுதி சொல்கிறேன். டயர் கடைச் சாவி என்னிடம் இருக்கிறது. நாளைக் காலையில் திறப்பேன். நாற்காலி கேட்டு வருகிற யாரும் தன் முகத்தை அடகு வைக்கவேண்டியதில்லை. அழுகிற முகம் விற்றுத்தான் கட்டில் வாங்கவேண்டுமென்றால் கட்டிலே வேண்டாம், இருக்கிறதைத் துடைத்துப் பழுதுபார்த்து ஓட்டுவோம். முதுகு காட்ட மறுபடியும் ஊரைக் கூப்பிடுவேன். வருவீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், வாசல்வரைக்கும் கேட்கட்டும்!

மகளே, மேடைக்கு வாம்மா. பயப்படாதே, உன்னை யாரும் தடுக்கமாட்டார்கள், நான் நிற்கிறேன். அந்தப் படத்தைப் பிடி. கனமாகத்தான் இருக்கும், நானும் பிடிக்கிறேன். அப்படியே சுவர்ப் பக்கமாகத் திருப்பு. உன் அம்மா எப்போதும் அப்படித்தானே படுப்பாள். ம். இப்போது தூங்கட்டும்.

சொந்தங்களே, மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. எழுந்து நில்லுங்கள். அப்படியே திரும்புங்கள். மேடைக்கு முதுகு, கேமராவுக்கு முதுகு. முதுகக்காவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. தம்பி, நீ எடுப்பா, தாராளமாக எடு. உனக்கு இன்றைக்கு இங்கே கிடைக்கப்போவது இதுதான்.

திரும்பிவிட்டீர்களா? எதிரே என்ன தெரிகிறது? வாசல் தெரிகிறது அல்லவா? வாசலுக்குக் கீழே வெயிலில் ஒரு மனுஷன் கழுத்தில் அளவு நாடாவோடு இவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார். அவர் ஏறி வரமுடியாத இடத்தில் அக்காவுக்கு என்ன கூட்டம் வேண்டிக்கிடக்கிறது? நான் மைக்கை வைத்துவிட்டு வருகிறேன். தையல்கார அண்ணே, கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்க. நாங்க எல்லாரும் கீழ வர்றோம்.